அறுபதாம் கல்யாணம் யாருக்கு? கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சடங்கு இடம் மாறிய கதை

1. ஒப்பீடு எங்கே பொருந்தவில்லை

திருமணமாகிப் பல்லாண்டு கழிந்தபின் கணவனும் மனைவியும் உற்றார் முன்னிலையில் தங்கள் உறுதிமொழியை மறுபடி சொல்லிக்கொள்ளும் விழா மேலைநாடுகளில் பரவலானது. இங்கிலாந்துத் திருச்சபை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிபாட்டு நூலில் திருமணத்துக்கு நன்றி செலுத்தும் வழிபாடு ஒன்று இருக்கிறது. உறுதிமொழியைப் புதுப்பிப்பதற்கும் அதில் இடம் உண்டு. மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் இந்துத் தமிழர் ஒருவரிடம் இதை விளக்கிச் சொன்னால், "நம்ம அறுபதாம் கல்யாணந்தானே" என்பார். மாலை மாற்றுகிறார்கள், தாலி கட்டுகிறார்கள், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுற்றி நிற்கிறார்கள். பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும்.

ஆனால் கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால் ஒப்பீடு தடுமாறுகிறது. வெள்ளி விழாவும் பொன்விழாவும் மணநாளிலிருந்து எண்ணப்படுகின்றன. அறுபதாம் கல்யாணம் கணவன் பிறந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது. 25 வயதில் மணந்தவருக்கும் 45 வயதில் மணந்தவருக்கும் அது ஒரே வயதில்தான் வரும். மனைவிக்கு அப்போது 50ஆ 58ஆ என்பது கணக்கில் இல்லை. அப்படியானால் இந்தச் சடங்கு எதைக் கொண்டாடுகிறது? மண வாழ்வையா, ஓர் ஆணின் ஆயுளையா? கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று இது நடக்கும் விதத்தை வைத்து இக்கேள்வியை ஆராய்வதும், விடையிலிருந்து விழாவின் முறைமைகளைப் பற்றிச் சிலவற்றைச் சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

2. சாந்தியா, விவாகமா?

சஷ்டியப்த பூர்த்தி என்பது அறுபது ஆண்டு நிறைவு. பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது ஆண்டுகளும் ஒரு சுற்றுச் சுற்றி, ஒருவர் பிறந்த அதே பெயருடைய ஆண்டு திரும்பி வருகிறது. அந்த ஆண்டில், பிறந்த தமிழ் மாதத்தில், பிறந்த நட்சத்திரத்தில் சடங்கு நடக்கிறது. இதற்கு முன்னும் பின்னும் இதே குடும்பத்தைச் சேர்ந்த சடங்குகள் உண்டு: 59 முடிந்து 60 தொடங்கும்போது உக்ரரத சாந்தி, 70இல் பீமரத சாந்தி, 80ஐ ஒட்டி ஆயிரம் பிறை கண்டவர்க்குரிய சதாபிஷேகம். எல்லாவற்றிலும் மையமாக இருப்பவை கலச பூசையும் ஆயுள், நவக்கிரக, மிருத்யுஞ்சய ஹோமங்களும், மந்திரம் ஓதிய கலச நீரைத் தம்பதியர் தலையில் வார்ப்பதுமாகும். மாலை மாற்றலும் தாலியும் அதன் பிறகே வருகின்றன.

தர்மசாத்திர நூல்களைத் தொகுத்து ஆராய்ந்த பி. வி. காணேயின் பெருநூல் இங்கே பயன்படும். திருமணத்தை அவர் 2ஆம் தொகுதியில், சமஸ்காரங்களோடு வைத்துப் பேசுகிறார். ஆயுளைச் சார்ந்த இந்தச் சடங்குகளை 5ஆம் தொகுதியில், கேடு நீங்கச் செய்யும் சாந்திகளோடு சேர்க்கிறார். கிரகப் பீடை, தீய சகுனம், நோய் ஆகியவற்றுக்கான பரிகாரங்கள் அதே வரிசையில் நிற்கின்றன. நூல் மரபின் பார்வையில், அறுபது வயது ஒரு மனிதன் கடக்க வேண்டிய கண்டம். சடங்கு அதற்குக் காப்பு.

திருக்கடையூரும் இதையே சொல்கிறது. அட்டவீரட்டத் தலங்களுள் ஒன்றான அங்கே அமிர்தகடேசுவரர் சன்னிதியில் நாள்தோறும் பல தம்பதியருக்குச் சடங்கு நடக்கிறது. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருப்பதால் மலேசியத் தமிழரும் அங்கே போய்வருகிறார்கள். ஆனால் தலத்தின் கதை மார்க்கண்டேயருடையது. பதினாறு வயதில் இறக்க வேண்டியிருந்த சிறுவனைக் காலனிடமிருந்து சிவன் காத்த கதை. அதில் மணமும் இல்லை, மனைவியும் இல்லை.

இதற்கு எதிரான வாதத்தையும் எடை போட வேண்டும். மனைவி அருகில் இல்லாமல் இல்லறத்தான் வேள்வி செய்ய இயலாது என்பது பழைய விதி. ஆகவே கணவனுக்குச் செய்யும் சாந்தியும் இருவருக்குமான சடங்கே என்பர். கணவனின் ஆயுள்தான் மனைவியின் சுமங்கலித் தன்மை. அதனால் அவன் ஆயுளைக் காப்பதும் தாலியைப் புதுப்பிப்பதும் ஒரே செயலின் இரண்டு பக்கம் என்றும் விளக்குவர். இரண்டாவது விளக்கம் வலுவானது. சடங்கில் தாலி ஏன் வந்து சேர்ந்தது என்பதற்கு அதுதான் பொருத்தமான காரணமாக எனக்குப் படுகிறது. ஆயினும் அது ஒருவழிப் பாதை. மனைவிக்கு அறுபது நிறையும்போது கணவன் தலையில் யாரும் கலச நீர் வார்ப்பதில்லை. அவள் ஆயுள் அவனுக்கு எதையும் தருவதாகவோ, அவள் கண்டம் கடப்பது குடும்பத்துக்கு மங்கலமாகவோ சடங்கு கருதவில்லை.

3. அண்டை வீட்டுக் கணக்கு

அறுபதாண்டுச் சுற்று தமிழருக்கு மட்டும் உரியதன்று. கிள்ளானில் தமிழரோடு தலைமுறைகளாகப் பக்கத்து வீட்டில் வாழும் சீனருக்கும் அறுபது ஆண்டுக்கு ஒரு சுற்று உண்டு. அறுபதாம் பிறந்தநாளை நீள நூடுல்ஸும் பீச் பழ வடிவில் செய்த பன்னும் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சப்பானில் அறுபது நிறைந்தவருக்குச் சிவப்பு மேற்சட்டை அணிவிக்கும் கன்ரெக்கி விழா இருக்கிறது. கொரியாவில் அதே வயதுக்கு ஹ்வாங்கப் விருந்து. பிள்ளைகள் வரிசையாக வந்து பெற்றோரை வணங்குவர். ஆயுள் நீண்டபோது அறுபது அங்கே அரிதான வயதாக இல்லாமல் போய், அந்த விருந்தின் பெருமையும் குறைந்தது.

கொரிய மரபு இன்னொரு விழாவையும் தனியே வைத்திருந்தது என்பது நமக்கு முக்கியம். மணமாகி அறுபது ஆண்டு சேர்ந்து வாழ்ந்த தம்பதியர் மறுபடி மணக்கோலம் பூண்டு திருமணச் சடங்கை நடத்தும் ஹோஹொல்லே அது. அங்கே ஆயுளுக்கு ஒரு விழா, மணத்துக்கு ஒரு விழா. நம்மிடம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறிவிட்டன. மணவாழ்வின் நீளத்தைக் கொண்டாட நமக்குப் பழைய சடங்கு இல்லாததால், ஆயுள் சடங்கே அந்தச் சுமையையும் சுமக்கிறது.

4. தோட்டத்திலிருந்து மண்டபத்துக்கு

மலாயாவில் இந்தச் சடங்கு நடக்க மூன்று தேவைகள் ஒருங்கே கூட வேண்டியிருந்தது. கணவன் அறுபது வரை உயிரோடு இருக்க வேண்டும். மனைவி கூட இருக்க வேண்டும். விழா எடுக்க வளர்ந்த பிள்ளைகள் அதே ஊரில் இருக்க வேண்டும். இந்த மூன்றும் ரப்பர் தோட்டத் தமிழருக்கு நெடுங்காலம் கூடி வரவில்லை.

1911இல் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் முந்நூறு பேர் அளவிலேயே இருந்தார்கள். ஆள்சேர்ப்பவரான கங்காணி அழைத்து வந்த ஆண்கள் பலர் சில ஆண்டு உழைத்து ஊர் திரும்பினார்கள். உதவி பெற்றுச் செல்லும் கூலியாள் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. அடுத்து வந்த சப்பானிய ஆட்சி ஆயிரக்கணக்கான தமிழரைச் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் சென்றது. திரும்பாதவர்களின் குடும்பங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் காத்திருந்தன. 1957 வாக்கில்தான் ஆயிரம் ஆண்களுக்கு எழுநூறுக்கு மேல் பெண்கள் என்ற நிலை வந்தது. அதன் பிறகும் 1960களின் இறுதியில் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது பல்லாயிரவர் இந்தியாவுக்குப் போனார்கள். குடும்பங்கள் கடலுக்கு இருபுறமும் பிரிந்தன. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்ததால், ஓய்வு பெற்றவர் விழா நடத்தக் கூரையையும் சேர்த்தே இழந்தார்.

செட்டிநாட்டு நகரத்தாரின் நிலை வேறு. பொருள் வசதியும் சொந்த ஊரில் பெரிய வீடும் இருந்ததால் அவர்களிடம் சாந்திக் கல்யாணம் எப்போதும் சிறப்பாக நடந்தது. ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் எழுத்தராக வந்த யாழ்ப்பாணத் தமிழர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலையும் 1904இல் விவேகானந்தா ஆசிரமத்தையும் எழுப்பி நிலையான சமூகமாக வாழ்ந்தார்கள். அறுபதாம் கல்யாணம் இவர்களைப் போன்ற நிலைத்த குடும்பங்களுக்கு எட்டியது. தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர்களுக்கு எட்டவில்லை.

இன்று அறுபது நிறைபவர்களைப் பார்ப்போம். 2025 ஏப்ரலில் தொடங்கிய விசுவாவசு ஆண்டுக்குரியவர்கள் 1965-66இல் பிறந்தவர்கள். அடுத்த பராபவ ஆண்டுக்குரியவர்கள் 1966-67இல் பிறந்தவர்கள். இவர்களில் பலர் தோட்டத்தில் பிறந்து, தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் கைமாறியபோது நகரத்துக்கு வந்து, கிள்ளான் பள்ளத்தாக்கில் குடும்பம் அமைத்தவர்கள். தனியார் துறைக்குக் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 என்ற சட்டம் 2013 ஜூலையில் நடப்புக்கு வந்தது. அரசு ஊழியருக்கு அதற்கு முந்தைய ஆண்டே 60 வரை பணியாற்றும் வாய்ப்பு வந்தது. இதனால் பிறந்த ஆண்டு திரும்பி வருவதும் வேலையிலிருந்து விடுபடுவதும் ஒரே சமயத்தில் நிகழ்கின்றன. ஊழியர் சேமநிதி கையில் இருக்கிறது, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். இந்தச் சடங்கு இங்கே பெருகியதற்குப் பக்தி மட்டும் காரணமன்று. ஓய்வு வயதுச் சட்டத்துக்கும் அதில் பங்குண்டு என்பது என் கணிப்பு.

கண்டம் என்ற பழைய எண்ணமும் இங்கே வெறும் நம்பிக்கையாகக் கழித்துவிடக் கூடியதன்று. 2019 தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரில் அது 31.4 விழுக்காடு. ஐம்பதுகளில் மாரடைப்பிலும் சிறுநீரகக் கோளாறிலும் கணவரை இழந்த பெண்கள் இல்லாத தமிழ்த் தெரு கிள்ளானில் இருக்காது. அப்பாவுக்கு அறுபது நிறைந்தது என்று பிள்ளைகள் மகிழ்வதில் உண்மையான நிம்மதி இருக்கிறது. கொரியாவில் அர்த்தம் தேய்ந்த வயது, இங்கே இன்னும் தேயவில்லை.

5. உறுதிமொழி எங்கே சொல்லப்பட்டது?

புதுப்பிக்க வேண்டுமானால் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தமிழ் இந்துத் திருமணத்தில் மணமகள் வாய்விட்டுச் சொன்ன உறுதிமொழி எது? புரோகிதர் சமற்கிருதத்தில் ஓதுகிறார்; மணமகன் சிலவற்றைத் திருப்பிச் சொல்கிறார்; மணமகள் தலை குனிந்து இருக்கிறாள். பழைய அகநானூற்றுத் திருமணக் காட்சிகளில் புரோகிதரும் தீயும் இல்லை. மூத்த மகளிர் நீர் வார்த்து வாழ்த்துகிறார்கள். அங்கேயும் மணப்பெண் உறுதிமொழி எதுவும் சொல்வதில்லை.

மலேசியாவில் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கும் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் முஸ்லிம் அல்லாதோர் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. இருவரும் மனமுவந்து இசைகிறார்களா என்பதைப் பதிவதிகாரி உறுதி செய்துகொள்ள வேண்டும். உதவிப் பதிவதிகாரியாக நியமனம் பெற்ற கோவில் பொறுப்பாளர் முன்னும் இது நடக்கலாம். ஆனால் பெரும்பாலோர் பதிவை முதலில் முடித்துவிட்டுச் சில மாதம் கழித்துத் தாலி கட்டும் விழா வைக்கிறார்கள். ஆகவே இன்று அறுபதைத் தொடும் மலேசியத் தமிழ்ப் பெண் தன் வாழ்வில் "சம்மதம்" என்று தன் வாயால் சொன்ன இடம், பெரும்பாலும், பதிவகத்து மேசைதான்.

சொல்லை மையமாக்கிய தமிழ்த் திருமணம் ஒன்றும் உண்டு. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்த 1967ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், இருவருக்கும் புரிந்த மொழியில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிப்பதையே ஒரு முறையாக ஏற்கிறது. பெரியார் 1929 இறுதியிலும் 1954இலும் மலாயா வந்தார், கோ. சாரங்கபாணி போன்றோர் சீர்திருத்தக் கருத்துகளைச் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் பரப்பினார்கள். அந்த வழி வந்த குடும்பங்களில் அறுபது என்றால் மணிவிழா: வேள்வி இல்லை, மாலை, வாழ்த்துரை, ஏற்புரை உண்டு. உறுதிமொழிப் புதுப்பிப்புக்கு மிக அருகில் வருவது இந்த மரபே என்பேன். ஏனென்றால் அதில் பேச இடம் இருக்கிறது. ஏற்புரையை மனைவியும் பேசினால்தான் அந்த இடம் நிறையும்.

கிறித்தவத் தமிழரின் வழி தெளிவானது. கத்தோலிக்க நம்பிக்கையில் திருமணம் ஒருமுறை கொடுத்த சம்மதத்தால் நிறைவடைகிறது. அதை மறுபடி செய்ய முடியாது. அதனால் பிரிக்பீல்ட்ஸ் பாத்திமா மாதா ஆலயத்திலோ கிள்ளான் லூர்து மாதா ஆலயத்திலோ 25ஆம், 50ஆம் ஆண்டில் நடப்பது நன்றித் திருப்பலியும் ஆசீருமே. புதுப்பிக்கும் சொற்கள் பழைய சம்மதத்தை நினைவுகூர்வன. இரண்டாம் தாலி கட்டும் இந்து முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை, கலப்பு மணக் குடும்பங்கள் விழாத் திட்டமிடும்போதே பேசித் தெளிவது நல்லது.

6. முறைமைகள்

சடங்கின் கரு ஆணின் ஆயுளைச் சார்ந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் அதைப் பெற்றோர் இருவரின் மணவாழ்வுக்கான விழாவாக மாற்றியிருக்கிறார்கள். இந்த மாற்றத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் மாற்றம் அழைப்பிதழிலும் மேடையிலும் நிகழ்ந்த அளவுக்கு முறைமைகளில் நிகழவில்லை.

முதல் முறைமை அம்மாவைக் கேட்பது. பிள்ளைகள் கூடிப் பேசி மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, மகிழ்ச்சிச் செய்தியாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. முதல் கல்யாணத்தையும் அவளுக்காகப் பிறர்தான் முடிவு செய்தார்கள். முப்பது ஆண்டு மண வாழ்வு எப்படி இருந்தது என்பதை அவள் மட்டுமே அறிவாள். குடியும் அடியும் இருந்த வீட்டில், ஊரறிய மறுபடி கழுத்தை நீட்டச் சொல்வது கொடுமை. தனியே, அப்பா இல்லாதபோது, மகளோ மருமகளோ கேட்க வேண்டும். "வேணாம்" என்றால் அப்பாவுக்கு ஆயுள் ஹோமம் மட்டும் செய்யலாம். மாலையும் தாலியும் இல்லாமல் அதைச் செய்ய மரபில் தடை இல்லை, ஏனென்றால் சடங்கின் கரு அதுதான்.

அடுத்தது நாள். நட்சத்திரம் செவ்வாய்க்கிழமை வந்தால் பணிக்குச் செல்லும் உறவினர் வரமாட்டார்கள். நட்சத்திர நாளன்று காலையில் கோவிலில் நெருங்கிய குடும்பத்தோடு ஹோமத்தை முடித்து, சனி அல்லது ஞாயிறு மாலையில் விருந்து வைப்பது சரியான தீர்வு. பழுதில்லாத ஏற்பாடு இது. ஆயுளுக்கான பகுதியும் மணத்துக்கான பகுதியும் தாமாகப் பிரிந்துகொள்கின்றன. மண ஆண்டையும் சேர்த்து அறிவிக்க விரும்பினால் பதிவு நாளா, தாலி கட்டிய நாளா என்பதைப் பெற்றோரிடமே கேட்டு அச்சிட வேண்டும்.

அழைப்பிதழில் அழைப்பவர்கள் பிள்ளைகள். மூத்த மகன் பெயர் மட்டும் போட்டு மகள்களை "மற்றும் குடும்பத்தார்" என்று அடக்குவது இனி வேண்டாம். செலவில் பாதி பல வீடுகளில் மகள்களுடையது. மணவிலக்கு பெற்ற பிள்ளையின் பெயரும், மணமாகாத பிள்ளையின் பெயரும் அதே எழுத்தளவில் இருக்க வேண்டும். அம்மாவின் பிறந்த வீட்டை நேரில் போய் அழைப்பதும், அவர்கள் கொண்டுவரும் சீரைச் சபையில் வைத்து வாங்குவதும் பழைய முறை. அதை விட்டுவிடக் கூடாது. மண்டபத்தில் அம்மாவின் பக்கத்து ஆட்களாக இருப்பவர்கள் அவர்கள்தான்.

தாலி பற்றி ஒரே விதி இல்லை. சில வீடுகளில் புதிய பொட்டுச் சேர்க்கிறார்கள், சிலர் மஞ்சள் கயிறு மட்டும் மாற்றுகிறார்கள், சிலர் புதியதைப் பின்னர் கோவில் உண்டியலில் சேர்க்கிறார்கள். தங்கம் விற்கும் விலைக்குப் பிள்ளைகளைக் கடனாளி ஆக்கும் தாலி தேவையில்லை. மஞ்சள் கயிறே போதும்.

விருந்தினரில் மலாய், சீன நண்பர்கள் இருப்பார்கள். சைவ உணவுதானே என்று விட்டுவிடாமல், சமையல் எங்கிருந்து வருகிறது என்பதை மலாய் நண்பர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை. சீன நண்பர் அங்பாவ் என்னும் பண உறையில் இரட்டைப்படைத் தொகை வைப்பார், நம்மவர் மொய்யில் ஒரு வெள்ளி கூட்டி 51, 101 என்று வைப்பார், இரண்டும் வாழ்த்தே. பிள்ளைகள் நடத்தும் விழாவில் மொய் வாங்காதிருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு அருகிலுள்ள தமிழ்ப்பள்ளியின் நிதிக்கு ஒரு பெட்டி வைக்கலாம்.

பாத பூசையும் ஆசி வாங்குவதும் விழாவின் மிக நெகிழ்வான பகுதி. மூட்டுவலி உள்ளவர்களை நூறு பேர் குனிந்து வணங்கும்வரை மனையில் உட்கார வைக்காமல் நாற்காலி போட வேண்டும். ஹோமப் புகையில் நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருப்பது நீரிழிவு உள்ளவருக்கு ஆபத்து. சர்க்கரை இறங்கி மயங்காதிருக்க, மருந்தும் உணவும் எப்போது என்று குருக்களிடம் முன்பே பேசிவிடலாம். பெரும்பாலான குருக்கள் ஒத்துக்கொள்வார்கள்.

மாலை மாற்றிய பிறகு, தாலிக்கு முன், இருவருக்கும் ஒலிவாங்கி கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். நீண்ட உரை வேண்டியதில்லை. அம்மா பேச விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்தவும் கூடாது. ஆனால் வாய்ப்புத் தரப்பட்டது என்பது சபைக்குத் தெரிய வேண்டும். பதிவகத்தில் ஒரு தரம் சொன்னதை, அதன் பொருள் முழுதும் அறிந்த வயதில், அவள் தன் மொழியில் சொல்லலாம்.

7. ஒதுங்கி நிற்பவர்கள்

ஆரத்தி எடுக்கவும் நலங்கு வைக்கவும் சுமங்கலிகளையே அழைக்கிறார்கள். அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா, கணவரை இழந்தவர் என்பதால், தூணோரம் நின்று பார்க்கிறார். ஆயுளுக்கான சடங்கில், அந்த ஆயுளைப் பிள்ளைப் பருவத்தில் காத்தவரை அமங்கலமாக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. முதல் ஆரத்தியை அவர் கையில் கொடுப்பதற்குச் சடங்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. விழா நடத்தும் பிள்ளைகள் துணிய வேண்டும்.

அதற்கும் அப்பால், அப்பா 55இலேயே போய்விட்ட வீடுகள் இருக்கின்றன. அந்த அம்மாவுக்கு அறுபது வரும்போது யாரும் நாள் பார்ப்பதில்லை. தனியாகப் பிள்ளைகளைப் படிக்க வைத்து, வீட்டுக்கடன் கட்டி, உறவினரின் அறுபதாம் கல்யாணங்களுக்கெல்லாம் மொய் எழுதிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்தவர் அவர். ஆயுள் ஹோமம் ஒரு வயதுக் குழந்தைக்கும் செய்யப்படுகிறது. அதற்குத் துணை வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பெண்ணின் பிறந்த ஆண்டும் அறுபது ஆண்டு கழித்துத் திரும்பி வருகிறது. அவர் நட்சத்திரத்தன்று கோவிலில் கலசம் வைத்து, பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அந்த நீரை அவர் தலையில் வார்த்துக் காலில் விழலாம். விசுவாவசுவிலும் பராபவத்திலும் பிறந்த ஆண்களுக்கு மண்டபம் தேடும் குடும்பங்கள், அதே ஆண்டுகளில் பிறந்த தங்கள் வீட்டுப் பெண்களின் பட்டியலையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.